விரிசலுக்குக் காரணம் பூகம்பமா, களிமண்ணா?

கேள்வி: அயப்பாக்கத்தில் 2006-இல் கட்டிய வீடு எங்களுடையது. தரைத்தளம் மட்டும்தான். ஹால் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் சென்னையில் நில அதிர்வு வந்ததே, அன்று மாலைதான் அதை முதலில் பார்த்தோம். இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. சித்திரை, வைகாசியில் நகம் நுழையும் அளவுக்கு விரிகிறது. கார்த்திகை மழையில் கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பூகம்பத்தால் வந்தது என்கிறார். என் கணவர் வாசலில் போகும் தண்ணீர் லாரிகளைக் குறை சொல்கிறார். மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணம் இருக்கிறது. பெரிய பூகம்பம் வந்தால் இந்த வீடு தாங்குமா?
– ஒரு வாசகி, அயப்பாக்கம்

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. கோடையில் விரிகிறது, மழையில் மூடுகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். விரிசலைப் பற்றிக் கேட்பவர்களில் மிகச் சிலரே இதைக் கவனிக்கிறார்கள். பூகம்பம் உண்டாக்கிய விரிசல் மாதம் பார்த்துத் திறந்து மூடுவதில்லை. லாரி உண்டாக்கியதும் அப்படிச் செய்யாது. உங்கள் சுவரை அசைப்பது எதுவோ, அது மழையோடும் வெயிலோடும் சேர்ந்து அசைகிறது. அது எது என்று பார்ப்பதற்கு முன், சந்தேகத்துக்கு ஆளான இருவரையும் விசாரித்துவிடலாம்.

முதலில் பூகம்பம். 2021 ஆகஸ்ட் 24 நண்பகல் 12.35 மணிக்கு வங்கக்கடலில் 5.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. காக்கிநாடாவுக்குத் தென்கிழக்கே கடலுக்கடியில் நடந்த அது சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 5.1 என்பது அதிர்வு பிறந்த இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலின் கணக்கு. உங்கள் வீட்டு வாசலில் நிலம் எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. அவ்வளவு தூரம் கடந்து வரும்போது வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. மெதுவாக ஆடும் அலைகள்தான் மிஞ்சி வந்து சேரும். அவை உயரமான கட்டடங்களைத் தொட்டில்போல் ஆட்டும். உங்கள் தரைத்தள வீட்டைச் சட்டை செய்யாமல் கடந்துபோகும்.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சென்னையில் பல மாடி அலுவலகங்களிலிருந்து ஊழியர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். தரையில் நின்றிருந்த பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. காரணம் இதுதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி வர இயல்பாக ஒரு நேரம் உண்டு. அதை ஆட்டக்காலம் என்போம். மாடிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. பத்து மாடிக் கட்டடத்துக்கு ஏறத்தாழ ஒரு நொடி, உங்கள் வீட்டுக்கு 0.1 நொடி. வருகிற அலையின் ஆட்டக்காலமும் கட்டடத்தின் ஆட்டக்காலமும் ஒத்துப்போனால் மட்டுமே ஆட்டம் பெருகும்.

அப்படியானால் அன்று மாலை விரிசல் எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நில அதிர்வு என்று செய்தி கேட்டதும் எல்லோரும் செய்வதை நீங்களும் செய்தீர்கள்: வீட்டுச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தீர்கள். பல ஆண்டுகளாகப் பார்க்காமல் இருந்தது கண்ணில் பட்டது. ஆகஸ்ட் என்பது பெருமழைக்கு முந்தைய மாதம். மண் இன்னும் ஊறாத காலம். விரிசல் திறந்தே இருந்திருக்கும்.

அடுத்தது லாரி. அதிர்வை, நிலம் அல்லது சுவர் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்று அளப்பார்கள். மனித உடல் இதில் மிகக் கூர்மையானது, நொடிக்கு 0.3 மி.மீ. அளவிலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் குடியிருப்பு வீடுகளுக்கு ஜெர்மானிய நெறிமுறை வைத்திருக்கும் மிகக் கடுமையான வரம்பே நொடிக்கு 5 மி.மீ. அதுவும் பூச்சில் மெல்லிய கீறல் விழாமல் இருப்பதற்கான வரம்புதான். அதாவது நாம் உணரத் தொடங்கும் அளவுக்கும், சுவர் உணரத் தொடங்கும் அளவுக்கும் பதினைந்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. தண்ணீர் லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி சலசலக்கும். உங்கள் கணவருக்கு எரிச்சல் வருவதும் நியாயம். செங்கல் சுவரைச் சாய்வாகக் கிழிக்கும் வலு அதற்கு இல்லை.

இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் வேர் ஒன்றுதான். உடம்புக்குத் தெரிந்த அசைவையே நாம் குற்றவாளியாக்குகிறோம். மெதுவான அசைவோ உடம்புக்குத் தெரிவதே இல்லை. ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்தின் ஒரு மூலை பத்து மில்லிமீட்டர் இறங்கினால், அந்த வீட்டில் தூங்கி எழும் யாருக்கும் அது தெரியாது. சுவருக்குத் தெரியும். செங்கல் சுவர் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வீடு முழுவதும் ஒரே அளவு இறங்கினால் ஒரு கீறலும் விழாது. ஒரு மூலை இறங்கி மற்றது நின்றால்தான் விழும்.

உங்கள் பகுதி மண்ணுக்கு வருவோம். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அதிக ஆழமில்லாமலே கெட்டிப் பாறை கிடைக்கும். சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து கொண்டுபோன கல் என்பதால் அந்தப் பெயர் வந்தது. மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வரவரக் கதை மாறுகிறது. இங்கே அடியில் இருப்பவை ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்று புவியியலாளர்கள் சொல்லும் களிக்கல்லும் மணற்கல்லும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீருக்கடியில் படிந்தவை. களிக்கல் சிதைந்தால் மறுபடி களிமண்தான். அதற்கு மேல் நூற்றாண்டுகளாக ஏரிகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் வேறு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என்று உங்களைச் சுற்றி இன்னும் தண்ணீர் தேங்கும் இடங்களே எத்தனை! வீட்டு மனையாக மாறிய ஏரிகளும் உண்டு. வீட்டுவசதி வாரியத்தின் 'முகப்பேர் ஏரித் திட்டம்' தன் பெயரிலேயே அதைச் சொல்கிறது.

இந்தக் களிமண்ணில் பல இடங்களில் மான்ட்மோரிலோனைட் வகைக் கனிமம் கலந்திருக்கிறது. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த கனிமம் அது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் அடுக்கு விரியும்; காய்ந்தால் சுருங்கும். இதை விரிமண் என்கிறோம். கோடையில் காலி மனைகளில் கை நுழையும் அளவுக்குத் தரை வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்பு உங்கள் வீட்டு வேலியோடு நின்றுவிடுவதில்லை.

இப்போது வீட்டைப் பாருங்கள். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள மண் மீது வெயிலும் படாது, மழையும் விழாது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கும். வெளிச்சுவர்களுக்குக் கீழே உள்ள மண் அப்படியல்ல. பங்குனி முதல் காய்ந்து சுருங்கும். ஐப்பசியிலிருந்து குடித்து வீங்கும். கோடையில் நடு நிற்க ஓரங்கள் இறங்குகின்றன. அப்போது வெளிச்சுவரின் மேற்பகுதி இழுபடுகிறது. சுவரில் எங்கே பலவீனமோ அங்கே கிழியும். ஜன்னல், கதவுகளின் மூலைகள்தான் எப்போதும் பலவீனமான இடம். மூலையில் தொடங்கி, மேலே போகப் போக அகலமாகும் சாய்வு விரிசல் என்றால் ஓரம் இறங்கியிருக்கிறது என்று படிக்க வேண்டும். உங்களுடையதும் மேல்பக்கம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பருவத்தைத் தவிர ஆண்டுக்கு ஆண்டும் வேறுபாடு இருக்கும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் ஊறிய இதே மண், 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது ஆழம்வரை காய்ந்தது. அப்படிப்பட்ட வறட்சி ஆண்டுகளில் அதுவரை கீறல் விழாத வீடுகளிலும் விழும்.

இன்னொன்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விரிமண்ணில் கனமான வீட்டைவிட இலேசான வீடுதான் அதிகம் அல்லல்படும். வீங்கும் மண் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம், ஒற்றை மாடி வீட்டின் எடையால் அமுக்க முடியாத அளவுக்கு இருப்பதுண்டு. எல்லாவற்றிலும் இலேசானது காம்பவுண்டுச் சுவர். உங்கள் தெருவில் நடந்துபோகும்போது காம்பவுண்டுச் சுவர்களின் மேல்விளிம்பைக் கவனியுங்கள். நேர்கோடாக இருப்பவை எத்தனை, வளைந்து நெளிந்து போகிறவை எத்தனை என்று எண்ணினாலே அடியில் இருக்கும் மண்ணைப் பற்றித் தெரிந்துவிடும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை உண்டு. மண் பரிசோதனைக் கூடங்களில் செய்வது, பார்க்கவே சுவாரசியமானது. சலித்துக் காயவைத்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டு கண்ணாடி உருளைகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. மண் முழுதாகப் படிந்த பிறகு தண்ணீரில் உள்ளது எத்தனை சதவீதம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய மண்.

விரிசலையும் அளந்து வையுங்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவே, விரிசலின் இருபுறமும் இரண்டு சிறு ஆணிகள் அடித்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால் எந்தப் பொறியாளரும் உங்களிடம் ஊகமாகப் பேச முடியாது. போய்த் திரும்பும் எண்கள் என்றால் மண்ணின் ஈரம். திரும்பாமல் கூடிக்கொண்டே போனால் அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது அவசரம். கூரைக்குச் சற்றுக் கீழே கிடைக்கோடாக ஓடும் விரிசலை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெயிலில் கான்கிரீட் தளம் நீள்வதால் வருவது. மாடியில் தட்டோடு பதித்தால் பெரும்பாலும் அடங்கும்.

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைப்பதுதான் மருந்து. சுவரை ஒட்டி வெளியே நாலைந்து அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, கான்கிரீட் தரை போடுங்கள். குளியலறைக் குழாய், கழிவுநீர்த் தொட்டி இவற்றில் கசிவு இருந்தால் முதலில் அதை அடையுங்கள். வேம்போ அரசோ சுவரை ஒட்டி நின்றால், அந்தப் பக்கத்து மண்ணை அது உறிஞ்சிக் காயவைக்கிறது. மரத்தை ஒரேயடியாக வெட்டிவிடவும் கூடாது. உறிஞ்ச ஆளில்லாமல் மண் வீங்கிவிடும். மழைநீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது மிக நல்ல காரியம். ஆனால் இடமில்லாத மனைகளில் பலரும் உறிஞ்சுகுழியை அஸ்திவாரத்தை ஒட்டியே தோண்டிவிட்டார்கள். களிமண்ணில் அந்தத் தண்ணீர் கீழே இறங்காது. அஸ்திவாரத்துக்கு அடியில் ஊறும். உங்கள் குழி சுவரை ஒட்டி இருந்தால், கூரை நீரைச் சம்ப்பில் சேர்ப்பதோ, குழியை மனையின் தூர மூலைக்கு மாற்றுவதோ நல்லது. இவை முடிந்து ஒரு பருவம் கடந்த பிறகு பட்டி பாருங்கள். அதற்கு முன் செலவு செய்வது வீண்.

இனி உங்கள் பெரிய கேள்வி: உண்மையான பூகம்பம்.

தென்னிந்தியப் பாறைத் தட்டு அசையாது என்ற நம்பிக்கை நீண்ட காலம் இருந்தது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் வந்த நிலநடுக்கம் மறந்துபோயிருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், நாட்டிலேயே மிகவும் பாதுகாப்பான வகைப்பாட்டில் இருந்த மராட்டிய மாநிலம் லாத்தூர் பகுதியில் 6.2 அளவில் அதிர்ந்தது. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மேல் சரிந்தன. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நிலநடுக்கம் சென்னையையும் ஆட்டியது. 2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர நெறிமுறை, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

பூகம்பம் கட்டடத்தை எப்படி உடைக்கிறது? நிலம் பிளந்து வீட்டை விழுங்கும் என்பது சினிமா. நின்றிருக்கும் பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா, நடப்பது அதுதான். கால் வண்டியோடு போகிறது. உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பூகம்பத்தில் அஸ்திவாரம் நிலத்தோடு பக்கவாட்டில் போகிறது; மேலே உள்ள கூரையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. நடுவில் உள்ள சுவரும் தூணும் இரண்டு பக்கமும் இழுபடுகின்றன. மூன்றாம் மண்டலத்துக்கு நெறிமுறை வைத்திருக்கும் எண் 0.16. புவியீர்ப்பில் 16 சதவீத அளவுக்கு நிலம் பக்கவாட்டில் உந்தக்கூடும் என்று பொருள். நிலத்தோடு ஒட்டி அசையும் 100 டன் வீட்டை 16 டன் விசையால் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். வீட்டை எடை தாங்கத்தான் நாம் கட்டுகிறோம். பக்கவாட்டுத் தள்ளலை மேஸ்திரி நினைத்தே பார்த்திருக்க மாட்டார். நிலம் இப்படியும் அப்படியுமாக மாறி மாறி அசைவதால் சுவரில் சாய்வு விரிசல்கள் இரண்டு திசையிலும் விழுந்து பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும். உங்கள் விரிசல் ஒரே திசையில் ஓடுகிறது. பூகம்பத்தின் கைவேலை அல்ல என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

தொலைவு மட்டும் பாதுகாப்பல்ல. 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் புஜ் பகுதியில் 7.7 அளவில் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல தரைமட்டமாயின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது: கீழே சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்துமிடம், மேலே சுவர்கள் நிறைந்த மாடிகள். மேல்மாடிகள் ஒரே பெட்டியாக இறுகி நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுந்தது. இதைத் தளர்ந்த தளம் என்பார்கள். 2002 நெறிமுறை, அத்தகைய தூண்களைக் கணக்கிட்டதைப்போல் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. முகப்பேரிலிருந்து ஆவடிவரை புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகளில் பெரும்பகுதி இதே அமைப்புதான். எனக்குக் கவலை உங்கள் தரைத்தள வீட்டைவிட அவற்றைப் பற்றியே அதிகம். நிலம் அசையாமலேகூடக் கட்டடம் விழும் என்பதை உங்கள் பகுதிக்கு அருகிலேயே, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்ததால்தான் என்ற பேச்சு உடனே கிளம்பியது. விசாரித்த நீதிபதி ரகுபதி ஆணையம் கட்டமைப்பு வடிவமைப்பில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது.

ஏரி மண் பூகம்பத்தைப் பெருக்காதா என்று யாராவது கேட்பார்கள். மென்மையான மண் அதிர்வைப் பெருக்கும் என்பது உண்மை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த அதிர்வைப் பழைய ஏரிப்படுகை பெருக்கி நடுத்தர உயரக் கட்டடங்களை வீழ்த்தியது. ஆனால் அங்கே களி பல பத்து மீட்டர் ஆழம். நம் ஏரிகள் கரை கட்டித் தேக்கிய ஆழமில்லாத நீர்நிலைகள். ஓரளவு பெருக்கம் இருக்கும்; மெக்சிகோவை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. நீரில் ஊறிய தளர்ந்த மணல் அதிர்வில் குழம்பாகும் ஆபத்தும் உண்டு. அது கடற்கரையை ஒட்டிய மணற்பகுதிகளின் பிரச்சினை.

மாடி எடுப்பது பற்றி: முதலில் ஓராண்டு விரிசல் குறிப்பும் மண் பரிசோதனையும் வேண்டும். பிறகு அஸ்திவாரத்தை ஓர் ஓரத்தில் தோண்டி அதன் ஆழத்தைப் பாருங்கள். விரிமண்ணில் ஈரம் ஏறி இறங்கும் ஆழம் மூன்று, மூன்றரை மீட்டர்வரை போகும். நாலடியில் நிற்கும் அஸ்திவாரம் அந்த அசையும் மண்ணிலேயே நிற்கிறது. கூடுதல் எடை வீக்கத்தை அமுக்கும் என்று முன்பே சொன்னேன். அதை நம்பி மாடி ஏற்றிவிடாதீர்கள். ஊறிய களிமண் எடையைத் தாங்கும் வலுவை இழக்கும். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் விரிந்த பைல் முறையை உருவாக்கியது. குமிழ் அசையாத ஆழத்தில் ஊன்றி நிற்கும். புதிய மாடியின் எடையை அப்படிப்பட்ட பைல்களின் மேல் எழும் தனித் தூண்களுக்குக் கொடுப்பது உங்கள் மண்ணுக்குப் பொருத்தமான வழி. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று கீழ்த்தளச் சுவர்களை மட்டும் இடிக்க வேண்டாம். லிண்டல் பீம் ஜன்னலுக்கு மேல் மட்டும் நில்லாமல் எல்லாச் சுவர்களிலும் அறுபடாமல் சுற்றி ஓடட்டும். உயரமான கைப்பிடிச்சுவர் வேண்டாம். அதிர்வில் முதலில் விழுவது அதுதான்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நீங்களே ஏறிப் பாருங்கள். தூண் கம்பிகளைச் சுற்றும் ரிங்குகளின் நுனிகள் வெறும் செங்கோணத்தில் மடிந்திருந்தால் பூகம்பத்தில் அவிழ்ந்துவிடும். 135 பாகைக்கு மடித்துத் தூணின் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரிங்குகளின் இடைவெளி பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரின் தடிமனுக்குள் மறையட்டும் என்று ஒன்பது அங்குலத் தூண் போடுவது நம் ஊர் வழக்கம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான 2016 நெறிமுறை, ஐ.எஸ். 13920, குறைந்தது 300 மி.மீ., அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு அங்குலம் கேட்கிறது. ஹாலுக்குள் மூன்று அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும் தூண் அழகாக இல்லை என்று மேஸ்திரி சொல்வார். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.